படகில் ஏறிய லென்ஸ்

போன வாரம் வேலைக்குச் சேர்ந்த உங்களில் ஒருவர், முதல் நாளே கேமரா அறை வாசலில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டார்: "அக்கா, இருக்கறதுலயே எந்தக் கேமரா பெஸ்ட்டு?" கை நிறைய வேலை இருந்தது. "அப்புறம் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். இந்த மாதக் கடைசியில் அறைச் சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டு, நான் சொந்தமாகப் படம் இயக்கப் போகிறேன். அதற்கு முன் பதில் சொல்லிவிட்டுப் போவதுதான் முறை. பதில் கொஞ்சம் நீளம். டீ வாங்கி வைத்துக்கொண்டு படியுங்கள்.

என்னைப் பற்றி முதலில். அப்பா, மூடிப்போன பஞ்சாலையில் தறி ஓட்டியவர். அம்மா வில்லியனூர்ப் பக்கம் நடவுக்கும் களையெடுக்கவும் போனவர். இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். முதலில் கல்லூரிக்குப் போனவளும் நான். ஒரு கேமராவோடு வருகிற கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவள் இந்த ஊரிலேயே நானாகத்தான் இருக்கும். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. உங்களில் யாராவது அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்திருந்தால் நீங்களும் கூச்சப்பட வேண்டாம்.

கையேடு படித்ததால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். நம் யூனிட் முதலாளியின் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து ஒரு கேமரா கொண்டுவந்தார். பார்க்க அவ்வளவு அழகு. அதை எடுத்துக்கொண்டு சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலைக்கு விளம்பரப் படம் எடுக்கப் போனோம். டியூப்லைட் வெளிச்சத்தில் படம் முழுக்கத் துடித்தது, காய்ச்சல்காரனின் நாடி மாதிரி. கேமராவில் கோளாறு என்று எல்லோரும் பயந்துபோனார்கள். கோளாறு ஒன்றுமில்லை. அமெரிக்காவின் மின்சாரத் துடிப்பு வேறு, நம்முடையது வேறு. அந்தக் கேமரா அந்த ஊர் விளக்குக்குப் பிறந்தது. ஷட்டரை நம் ஊர்க் கணக்குக்கு மாற்றினேன், துடிப்பு நின்றது. அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது, கேமரா எவ்வளவு நல்லதானாலும் எந்த விளக்கின் கீழ் அது நிற்கப்போகிறது என்பதையும் கேட்க வேண்டும் என்பதை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதற்கான பதிலை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பிரெஞ்சு வார்த்தை. அதுவும் தப்பாகப் புரிந்துகொண்ட வார்த்தை.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கல்யாண வீடியோவில் விளக்குப் பிடித்து, பிறகு இரண்டாவது கேமரா வரை வந்திருந்தேன். அந்தச் சமயத்தில் ஒரு பெண்மணி ஆவணப்படம் எடுக்க வந்தார். நம் ஊர்த் தமிழ்க் குடும்பம்தான். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் என்பதால் பாரிசில் வளர்ந்தவர். எல்லோரும் மதாம் என்று கூப்பிட்டோம். பேசுவது சுத்தமான புதுச்சேரித் தமிழ். நடுநடுவே பிரெஞ்சு வந்து விழும்.

படம், வீராம்பட்டினம் பக்கத்துக் குப்பத்தில் இருந்த அஞ்சலை என்பவரைப் பற்றியது. பல வருடம் கூடையில் மீன் விற்ற அஞ்சலை, தன் பெயரிலேயே ஒரு ஃபைபர் படகு வாங்கியிருந்தார். கணவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. படகில் ஏறினால் வாந்தி எடுப்பார். அதனால் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். படகை ஓட்டப்போவது அஞ்சலையின் தம்பி மூர்த்தி. அந்தப் படகு முதல்முறை கடலில் இறங்கும் காட்சிதான் படத்துக்கு உயிர்.

"புதுப் படகு ஒரு தரந்தான் மொதமொதல்ல தண்ணியத் தொடும்" என்றார் மதாம். "ரெண்டாந்தரம் எறக்கச் சொல்லி எடுத்தா அது பொய்யி. நான் பொய் எடுக்க மாட்டேன்."

இந்தப் படத்துக்கு சென்னையிலிருந்து ஒரு கேமராமேன் வந்திருந்தார். நான் உதவிக்கு. ஆனால் மதாம் என்னுடைய கல்யாண வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு வேறு மாதிரி முடிவெடுத்தார். "இந்தப் பொண்ணும் சொல்லட்டும். சனிக்கெழம ரெண்டு பேரும் வூட்டுக்கு வாங்க. படகு எறங்கற காட்சிக்கு உங்க ஒப்ழெக்தீஃப் என்னான்னு யோசிச்சு எழுதியாங்க. அந்தக் காட்சிய எடுக்கறவங்க பேருதான் ஒளிப்பதிவுன்னு வரும்."

ஒளிப்பதிவு. இரண்டாவது கேமராவுக்குப் பெயர் வராது. 'உதவி' என்ற தலைப்பின் கீழ் கூட்டத்தோடு கூட்டமாக ஓடும். திரையில் தனியாக ஒரு அட்டையில் என் பெயர் வருமா என்பதுதான் எனக்குக் கேள்வி.

ஒப்ழெக்தீஃப். கல்லூரியில் செய்முறைத் தேர்வு எழுதிய எல்லோருக்கும் அது தெரிந்த வார்த்தை. ஆப்ஜெக்டிவ். நோக்கம். மதாம் பிரெஞ்சுக்காரி மாதிரி வாயைக் குவித்துச் சொல்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். உட்கார்ந்து யோசித்து, நோக்கத்தை எழுதினேன்.

சனிக்கிழமை. சென்னைக்காரர் முதலில் எடுத்து வைத்தார். கேமராவின் முன்னால் பொருத்துகிற அடாப்டர் ஒன்று அப்போது புதிதாக வந்திருந்தது. அதன் வழியாகச் சினிமா லென்ஸ்களை வீடியோ கேமராவில் மாட்டலாம். முகம் மட்டும் தெளிவாக இருக்க, பின்னால் எல்லாம் பஞ்சு மாதிரி கரையும். வீடியோ, சினிமா மாதிரி ஆகிவிடும். எல்லோருக்கும் அதன் மேல் பைத்தியம். எனக்கும்தான். அவர் லென்ஸ் லென்ஸாகச் சொல்லிக்கொண்டு போனார். முப்பத்தைந்து மில்லிமீட்டர், ஐம்பது, எண்பத்தைந்து. மதாம் தலையாட்டினார்.

என் முறை வந்தது. எழுந்து நின்று வாசித்தேன்.

"பாக்கறவங்க கரையில நிக்கக் கூடாது. படகுக்குள்ள இருக்கணும். அலை வர்றப்ப அவங்களே தலையக் குனியணும்."

சென்னைக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். "யம்மா, ஒப்ழெக்தீஃப்னா லென்ஸு! பிரெஞ்சுல லென்ஸுக்கு அதான் பேரு. நீ இன்னாம்மா, ஸ்கூல்ல லேப் ரெக்கார்டு எழுதற மாறி எழுதினு வந்துருக்க?"

மதாமும் சிரித்துவிட்டார். "மோன் தியே! கடவுளே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் காது இரண்டும் சுட்டன. அந்த இடத்தில் எனக்கு முன்னால் இரண்டு வழி. கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம், கௌரவமாகவே இருக்கும். ஆனால் கையில் இருந்த தாளை இன்னொரு முறை பார்த்தேன். தப்பாகப் புரிந்துகொண்டது வார்த்தையைத்தான். எழுதியது தப்பில்லை.

"சரி மதாம்" என்றேன். "இப்ப லென்ஸையும் சொல்றேன்."

"இப்பவா? யோசிக்க வேணாமா?"

"யோசிச்சதத்தான் வாசிச்சேன்."

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். படகுக்குள் இருக்க வேண்டுமென்றால் பின்னால் நகர இடமில்லை. எனவே அகலமான பார்வை வேண்டும். நம் சின்னக் கேமராவின் லென்ஸுக்கு முன்னால் வைட் கன்வெர்ட்டர் திருகிக்கொண்டால் போதும். அடாப்டர் வேண்டாம். அது வெளிச்சத்தைத் தின்னும், படகு இறங்குவதோ விடியும் நேரம். அதில் உருவம் தலைகீழாக வேறு தெரியும். ஆடுகிற படகில் தலைகீழ்ப் படத்தைப் பார்த்துக்கொண்டு ஃபோகஸ் திருப்ப என்னால் முடியாது, யாராலும் முடியாது. சின்னக் கேமராவில் கைக்கெட்டும் தூரத்திலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாகவே இருக்கும். அதை எல்லோரும் குறை என்கிறார்கள். இந்தக் காட்சிக்கு அதுதான் பலம். ஏனென்றால் அஞ்சலையின் படகு எவ்வளவு முக்கியமோ, பின்னால் தெரிகிற குப்பமும் அவ்வளவு முக்கியம். அதைப் பஞ்சாக்கிவிட்டால் யார் ஊரில் யார் படகு வாங்கினார்கள் என்றே தெரியாது.

சென்னைக்காரரின் சிரிப்பு நின்றிருந்தது. "கரெக்டாத்தான் சொல்லுது மதாம்" என்றார். "ஆனா படகு முழுவிப்போச்சின்னா கேமராவும் முழுவும்."

மதாம் இரண்டையும் வைத்துக்கொண்டார். சென்னைக்காரர் அடாப்டரோடு கரையில், முதல் கேமரா. நான் சின்னக் கேமராவோடு படகில். "எது படத்துல நிக்குதோ அவங்க பேரு" என்று முடித்துவிட்டார்.

துணைச் சாமான்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் கேமராவுக்கு ஒரு மாதம் யோசிப்பார்கள், மற்றதற்கு ஒரு நிமிஷம். நான் கன்வெர்ட்டரைத் தவிர எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: கேமராவுக்கு அளவாக வெட்டித் தைத்த பாலிதீன் உறை, மைக்குக்குப் பஞ்சு உறை, பழைய பருத்தி வேட்டித் துண்டுகள், ஒரு பாட்டில் நல்ல தண்ணீர். கடல் தண்ணீர் பட்ட கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைத்தால் உப்பு கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீரை ஊற்ற வேண்டும். இது எந்தக் கையேட்டிலும் இல்லை. கடற்கரைக் கல்யாணங்களில் இரண்டு ஃபில்டரைக் கெடுத்துத் தெரிந்துகொண்டது.

அந்த நாள் விடிந்தது. படகுக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். குப்பமே கரையில் நின்றது. சென்னைக்காரர் தன் கேமராவை முக்காலியில் வைத்து இயக்கினார். திரையில் ஒரு எச்சரிக்கை மின்னியது. டேப்பை வெளியே தள்ளியது. கேமரா நின்றுவிட்டது.

நான் எட்டிப் பார்த்தேன். லென்ஸ், அடாப்டருக்குள் இருந்த கண்ணாடி, எல்லாம் வெள்ளையாக வேர்த்திருந்தன. அவர் தங்கியிருந்த ஓட்டலில் ராத்திரி முழுக்க ஏசி. குளிர்ந்த கேமராவை நேராகக் கடற்கரைப் புழுக்கத்தில் கொண்டுவந்து திறந்தால் உள்ளே ஈரம் படியும். டேப் கேமரா அந்த ஈரத்தைக் கண்டால் ஓடாது. அது காயும்வரை காத்திருக்க வேண்டும். என் கேமரா எங்கள் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே தூங்கியது. ஏசி மண்டபத்திலிருந்து வெளியே ஓடி மாப்பிள்ளை அழைப்பு எடுத்த அனுபவத்தில் எனக்கு இந்த ஆபத்து தெரியும் என்பது பாதி. எங்கள் வீட்டில் ஏசி இல்லை என்பது மீதி.

"காயறதுக்கு ஒரு மணி நேரம் ஆவும்" என்றார் சென்னைக்காரர். முகம் செத்துப்போயிருந்தது.

மதாம் மூர்த்தியிடம் ஓடினார். "கொஞ்சம் நிறுத்த முடியுமா தம்பி?"

"நல்ல நேரம் முடியப் போவுது மதாம். ஒங்க மிசினுக்காகச் சாமி காத்திருக்குமா?"

இப்போது ஓடுகிற கேமரா என்னுடையது ஒன்றுதான். சென்னைக்காரர் என் தோளைப் பிடித்தார். "கரையிலியே நின்னு எடுத்துடு. சேஃபு. படகுல ஏறி அலை அடிச்சிதுன்னா படமே இல்ல." அவர் சொன்னது நியாயம். என் இடத்தில் யாராக இருந்தாலும் கரையில்தான் நின்றிருப்பார்கள். மதாம் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு."

பதற்றத்தில் முடிவெடுக்க வேண்டி வந்தால் நான் செய்வது ஒன்றுதான். எதை இழந்தால் படம் பொய்யாகிவிடும் என்று கேட்டுக்கொள்வேன். கரையிலிருந்து எடுத்தால் ஒரு படகு கடலில் இறங்குவது தெரியும். தினமும் நூறு படகு இறங்குகிறது.

"தள்ளறதையும் எடுக்கறேன், ஏறவும் ஏறறேன். நடுவுல நிறுத்த மாட்டேன்" என்றேன்.

மதாம் "போ" என்றார். சென்னைக்காரர் தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி, கேமராவின் கைப்பிடியை என் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டினார். "கேமராவ வுட்டுடாத" என்றார். ஒரு நொடி கழித்து, "உன்னியும் வுட்டுடாத."

சிவப்பு விளக்கு எரிந்தது. மணலுக்கு ஒட்டிக் கேமராவைத் தாழ்த்தினேன். படகின் மூக்கு, தள்ளுகிற கால்கள், வழுக்கும் மணல், முதல் நுரை. அகலமான லென்ஸில் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் இருந்தது. படகு மிதந்தது. நான் கையை விளிம்பில் வைத்தேன்.

"ஏய், ஏய், நீயா ஏறப்போற?" என்றார் மூர்த்தி. "ஆம்பளப் புள்ள யாரையாச்சும் அனுப்புவாங்கன்னு நெனச்சேன். கடலுக்குப் போற படகுல பொம்பளைங்க ஏறுற வழக்கமில்ல."

இதை நான் கேட்டு வைத்திருக்க வேண்டும். லென்ஸுக்கும் டேப்புக்கும் யோசித்தவள், இதை யோசிக்கவில்லை. தண்ணீர் முட்டிக்கு மேலே. பேசினால் நேரம் போய்விடும். ஒன்று மட்டும் செய்தேன், கேமராவை நிறுத்தவில்லை.

முழங்கால் தண்ணீரில் மாலையோடு நின்றிருந்த அஞ்சலை கேட்டார். "டேய் மூர்த்தி, படகு யாருது?"

"ஒன்னுதுதான்க்கா, அதுக்குன்னு..."

"அப்ப யாரு ஏறணும்னு நான் சொல்றேன். ஏறு பாப்பா."

"அக்கா, ஊரு என்னா பேசும்?"

"கூடையத் தூக்கி பஸ்ஸுல ஏறுனப்பவும் பேசுச்சு." என்னை ஒரு கையால் உள்ளே தள்ளினார். பிறகு ஒரு நிமிஷம் படகையே பார்த்தார். புடவையைத் தூக்கிச் சொருகினார். "இவ ஒருத்தியா எப்பிடிப் போவா? தள்ளு, நானும் வர்றேன்."

கரையில் பெண்கள் கூச்சல் போட்டார்கள். "அடியே, மொதலாளியம்மா ஏறிட்டாடீ!" அஞ்சலையின் கணவர் தண்ணீர் படாத தூரத்தில் நின்று, "அஞ்சல, கெட்டியாப் புடிச்சுக்க!" என்று கத்தினார். "நீ மொதல்ல வாந்தி எடுக்காம நில்லு!" என்று பதில் போனது. எல்லாம் டேப்பில் இருந்தது. மூர்த்தி தலையில் அடித்துக்கொண்டு எஞ்சினைக் கிளப்பினார்.

முதல் அலை எங்கள் மேலேயே உடைந்தது. லென்ஸ் முழுக்கத் தண்ணீர். துடைக்கக் கை போனது, நிறுத்திக்கொண்டேன். அஞ்சலையின் முகத்திலும் அதே தண்ணீர்தான் வழிந்துகொண்டிருந்தது. அவர் துடைத்துக்கொள்ளும்வரை லென்ஸும் நனைந்தே இருக்கட்டும் என்று விட்டேன். அலையின் பள்ளத்தில் படகு இறங்கியதும் பாட்டிலைத் திறந்து லென்ஸில் ஊற்றினேன்.

"இன்னாடி, கேமராவுக்குத் தாகமா?" என்றார் அஞ்சலை. கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார். அவ்வளவு பயம், அவ்வளவு சிரிப்பு, ஒரே முகத்தில்.

அலைகளைத் தாண்டியதும் படகு அடங்கியது. அஞ்சலை மெல்லத் திரும்பிக் கரையைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அந்தக் கரையில் நின்று கடலைப் பார்த்தவர், முதல்முறை கடலிலிருந்து கரையைப் பார்த்தார்.

"இங்கேர்ந்து பாத்தா நம்ம ஊரு இம்மாத்தூண்டா இருக்கே!"

அவருடைய முகமும், பின்னால் சின்னதாகத் தெரிந்த குப்பமும், இரண்டுமே தெளிவாக இருந்தன.

கரைக்கு வந்ததும் எல்லோரும் போட்டுக்காட்டச் சொன்னார்கள். மதாமும் கேட்டார். மறுத்துவிட்டேன். வெளியிடத்தில் டேப்பைப் பின்னால் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் மறுபடி பதிவு செய்து அழித்தவர்களை எனக்குத் தெரியும். டேப்பின் முதுகில் இருந்த சின்னப் பூட்டை மறுபடி பதிவாகாதபடி நகர்த்தி, பெட்டியில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டேன். இதற்குள் சென்னைக்காரரின் கேமரா காய்ந்திருந்தது. அவர் எண்பத்தைந்து லென்ஸைப் போட்டுக்கொண்டு, கரையில் காத்திருந்த பெண்களின் முகங்களை எடுத்தார். அவர் எடுத்ததில் மிக நல்லவை அவைதான். அந்த முகங்களுக்கு அந்த லென்ஸ்தான் சரி.

எடிட்டிங் அறையில் டேப் ஓடி முடிந்ததும் மதாம் பென்சிலை எடுத்துக்கொண்டு சென்னைக்காரரைப் பார்த்தார். மதாம் கேட்கும் முன்பே அவர் சொல்லிவிட்டார். "ஒளிப்பதிவு அது பேருதான் மதாம். எனக்கு எங்க போடறீங்களோ போடுங்க." அவருடன் அதன் பிறகு மூன்று படம் சேர்ந்து செய்தேன். பெல்ட்டை இன்னும் திருப்பிக் கேட்கிறார்.

உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில். இப்போது ஸ்டில் கேமராவிலேயே வீடியோ வருகிறது. டேப்பும் இல்லை, அடாப்டரும் இல்லை, பின்னணி தானாகவே கரைகிறது. நாளைக்கு வேறொன்று வரும். வாங்குங்கள், ஆசைப்படுங்கள், கையேட்டைப் படியுங்கள். ஆனால் கடைக்காரரிடம் போகும் முன், பார்க்கிறவர் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஒரு வரியில் எழுதிக்கொண்டு போங்கள். எழுத முடியவில்லையென்றால் எந்த லென்ஸும் உங்களைக் காப்பாற்றாது. எழுத முடிந்தால் பாதிச் சாமானை அவரிடமே விட்டுவிட்டு வரலாம். இன்னொன்று: படகில் யார் ஏறலாம் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எல்லாப் படகுக்கும் அஞ்சலை முதலாளி இல்லை.

படத்தை முதலில் குப்பத்திலேயே வெள்ளைத் துணி கட்டிக் காட்டினோம். அஞ்சலை அன்றைக்குத் தாமதமாகத்தான் வந்தார். கடலுக்குப் போயிருந்தார், நாங்கள் யாரும் எடுக்காத நாளில். அப்பாவையும் அம்மாவையும் நான் கூட்டிப் போயிருந்தேன். என் பெயர் தனியாக வரும் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். படம் முடிந்து கடைசியில் அட்டைகள் வர ஆரம்பித்தன. முதல் அட்டை விழுந்ததுமே அப்பா இரண்டு விரலை வாயில் வைத்து, தியேட்டரில் நாயகன் பெயருக்கு அடிப்பது போல ஒரு விசில் அடித்தார். குப்பமே திரும்பிப் பார்த்தது.

"அப்பா, அது எடிட்டர் பேரு" என்றேன்.

"அப்பிடியா?" என்றார். அடுத்த அட்டைக்கும் அடித்தார். அது ஒலிப்பதிவு.

"இதுவும் இல்லப்பா."

"எனக்கு எது உன் பேருன்னு தெரியாது கண்ணு. வுட்டுடக் கூடாதுல்ல?"

துணியில் விழுந்த ஒவ்வொரு பெயருக்கும் அடித்துக்கொண்டே இருந்தார். என் பெயர் வந்தபோது நான் அவர் தொடையைத் தட்டினேன். அதற்குள் குப்பத்துப் பையன்கள், பெண்கள், மூர்த்தி, சென்னைக்காரர் எல்லோரும் வாயில் விரலை வைத்திருந்தார்கள்.